சந்தனம் வைத்த இடம்

அன்று தெருவில் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, மாமா, அத்தை, நான், பூஜை பார்க்க வந்த அக்கம்பக்கத்தார் ஏழெட்டுப் பேர். இல்லாதவர் ஒருவர்தான். மாமாவுக்கு அந்தக் காரை விற்ற டாக்டர். காரின் முகத்தில் பளபளவென்று இருந்த வட்டமான கம்பெனிச் சின்னத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர் அவர் மட்டும்தான். ஆயுதபூஜை அன்றைக்கு மைசூரின் வசதியான பகுதியான ஜெயலட்சுமிபுரத்தை விட்டு அவர் எதற்கு எங்கள் மேட்டகள்ளிக்கு வரப்போகிறார்?

அப்பாவின் வலது காலைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். ஆட்டோவில் பிரேக் வலது காலுக்குக் கீழே இருக்கும். இருபத்தேழு வருஷமாக அந்தக் கால்தான் எங்களுக்குச் சோறு போட்டது. என்னை இன்ஜினியரிங் படிக்க வைத்ததும் அதுதான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இப்போது மைசூர் ஹெப்பாளில் ஒரு கம்பெனியில் வேலை. மற்றவர்கள் எழுதிய மென்பொருளை ஓட்டிப் பார்த்து, எங்கே எரர் மெசேஜ் வருகிறது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்வேன். அதற்குத்தான் சம்பளம். பிற்பாடு நடந்ததைப் புரிந்துகொள்ள இது தெரிந்திருக்க வேண்டும்.

மாமா அம்மாவின் தம்பி. கொள்ளேகால் பக்கத்திலிருந்து வந்து, கான்கிரீட் போடப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் வேலையில் சேர்ந்து, அதிலேயே காண்ட்ராக்டர் ஆனவர். ஹெப்பாளைச் சுற்றி அடுக்குமாடிகள் எழும்ப எழும்ப அவரும் எழும்பினார். கையெழுத்துப் போடுவார், படிப்பு அவ்வளவுதான். ஜெர்மன் கார் ஒன்று வாங்க வேண்டும் என்று ஒரு வருஷம் அலைந்தார். புதிது வாங்க வசதி பத்தாது. பழையதில் நல்லதாக வேண்டும். அதற்கு அவரிடம் ஒரு சட்டம் இருந்தது.

"டாக்டர் வண்டிதான் வாங்கணும்டா. வீட்ல இருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியில இருந்து வீடு. கியரே தேயாது. ரியல் எஸ்டேட்காரன் வண்டிய வாங்கினா, அவனைத் தேடறவன் எல்லாம் நம்மளைத் துரத்திட்டு வருவான்."

டாக்டர் கிடைத்தார். சாம்பல் நிறக் கார், நாலு வருஷம் ஓடியது. இரண்டு சாவிகளையும் கொடுத்த பிறகு, செங்கல் கனத்துக்கு ஒரு கையேட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"உங்க வீட்ல படிக்கிறவங்க யாராவது இருக்காங்களா?" என்று கன்னடத்தில் கேட்டார். "அவங்களை இதை ஒரு தடவை முழுசாப் படிக்கச் சொல்லுங்க. இந்த வண்டி பழைய வண்டிங்க மாதிரி இல்ல."

மாமா என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "இதோ இருக்கான். இன்ஜினியர்." டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

படித்தேன். பென்சிலால் கோடு போட்டுத்தான் படித்தேன். ஆனால் பரீட்சைக்கு முக்கியமான கேள்வி பார்த்துப் படித்தே வளர்ந்தவன் நான். டயருக்கு எவ்வளவு காற்று, எந்த ஆயில், எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை சர்வீஸ், இவையெல்லாம் எனக்கு மனப்பாடம். மாமா கேட்டால் டக்கென்று சொல்வேன். அறுநூறு பக்கத்தில் இருநூறு தாண்டியிருப்பேன். மீதியை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா என்னை ரிங் ரோட்டில் ஒரு வாட்டர் வாஷ் கடைக்குக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார். காரை ஜாக்கியில் ஏற்றி அடியிலிருந்து நுரை போட்டுக் கழுவுவார்கள். முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும். அதுவரை கார் முதலாளிகள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து ஒருவர் காரை ஒருவர் எடைபோடுவார்கள். பேச்செல்லாம் கன்னடத்தில். மடிகேரிப் பக்கத்துக் காபித் தோட்டக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் ஒருவர், இவர்கள் இருவரும் எந்த வாரமும் தவறுவதில்லை.

"வண்டிய எஞ்சினை வச்சு எடைபோடாதீங்க, கதவைச் சாத்திப் பாருங்க," என்பார் தோட்டக்காரர். எழுந்து போய் மாமாவின் கார்க் கதவைச் சாத்தினார். கனமாக, ஒரே சத்தத்தில் மூடியது. "கேட்டீங்களா? இந்தச் சத்தத்துக்குத்தான் பத்து லட்சம். மீதிதான் வண்டிக்கு."

பேங்க் மேனேஜர் ஜப்பான் கார் வைத்திருந்தார். பதினோரு வருஷமாக பானெட்டைத் திறந்ததில்லை என்பது அவர் பெருமை. "ஜெர்மன்காரனை வாங்கறது சுலபம்யா. வாரண்டி முடிஞ்ச மறுநாள்லேர்ந்துதான் அவன் உன்னை ஓட்ட ஆரம்பிப்பான். மூணு வருஷம் வச்சுக்கோ, வித்துடு. பாசம் வைக்காத."

மாமாவுக்கு அங்கே தன் பக்கம் பேச ஒரு கருத்து வேண்டியிருந்தது. அது அவருக்கு அந்த மாதமே கிடைத்தது. ரிங் ரோட்டில் முன்னால் போன டெம்போ திடீரென்று நின்றபோது, மாமா கால் வைப்பதற்குள் கார் தானாகவே பிரேக் போட்டு நின்றுவிட்டது. வீட்டு வாசலில் இறங்கியதும் என்னைக் கட்டிப் பிடித்தார். "டேய், உசிரு காப்பாத்திருச்சுடா!" அதன் பிறகு காரைப் பற்றி யார் எது சொன்னாலும் அவருக்கு ஒரே பதில்தான். "உங்க வண்டி தானா நிக்குமா?"

நிற்கிறது என்று காட்டவும் செய்தார். முதலில் கடை வாசலில் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்து அவற்றை நோக்கி ஓட்டினார். நின்றது. அடுத்த ஞாயிறு, "நீ போய் நில்லுடா," என்றார் என்னிடம். நின்றேன். மாமா வேகம் கொடுத்துவிட்டு இரண்டு கால்களையும் தூக்கிச் சீட்டின் மேல் சம்மணம் போட்டுக்கொண்டார். காலில் ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காக. கார் என்னை நோக்கி வந்தது. உள்ளே பீப் பீப் என்று சத்தம் கேட்டது. பிறகு யாரோ பிடித்து இழுத்தது போல மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. அதன் சூடு என் முழங்காலில் பட்டது.

எல்லோரும் கைதட்டினார்கள். தோட்டக்காரர் தட்டவில்லை. "அது ஆபத்துக்கு உதவறதுக்கு இருக்கு. ஆட்டம் காட்டறதுக்கு இல்ல," என்றார். அப்போது அதைப் பொறாமை என்று நினைத்தேன்.

வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலேயே கேட்டார். "நான் மிதிக்காம நிக்கிற வண்டி, நான் மிதிச்சா நிக்கும்னு எதை வச்சு நம்பறது?"

"அதுல கம்ப்யூட்டர் இருக்குப்பா."

"உன் கம்பெனியிலயும்தான் இருக்கு. அதுல தப்பு இல்லாமலா உனக்குச் சம்பளம் குடுத்துத் தேடச் சொல்றாங்க?"

அம்மா சிரித்துவிட்டாள். அந்தக் கேள்வி ரொம்ப நாள் என்னோடேயே இருந்தது.

தசரா வந்தது. ஆயுதபூஜை அன்று மைசூரில் வாழைக்கன்று கட்டாத வண்டியைப் பார்க்க முடியாது. எங்கள் தெருவில் அப்பாவின் ஆட்டோவும் மாமாவின் காரும் எதிரும் புதிருமாக நின்றன. அப்பா விடிவதற்கு முன்பே எழுந்து ஆட்டோவைக் கழுவி, முன் சக்கரத்துக்கு மேலே இருக்கிற மட்கார்டுக்குப் புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தார். மாமா தேவராஜ மார்க்கெட்டிலிருந்து சாமந்தி மாலை நாலு முழம் வாங்கி வந்து காரின் முகத்துக்குக் குறுக்கே கட்டினார். இரண்டு பக்கமும் ஆளுயர வாழைக்கன்று.

"உன் வண்டிக்குக் கல்யாணமா மாப்ளே?" என்று அப்பா கேட்டார்.

"உங்க வண்டிதான் பொண்ணு, மச்சான். சீர் என்ன செய்யறீங்க?"

"மீட்டர் போட்டு வர்றேன், அதுவே பெரிய சீர்."

அத்தை சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து வைத்திருந்தாள். காருக்கு நெற்றி எது? எல்லாருக்கும் அது சின்னம்தான். நடுவில், மூக்குக்கு மேலே, கண்ணாடி மாதிரி வழவழவென்று. மாமா கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். "படிச்சவன் கையால வைடா."

மூன்று விரலால் அள்ளி முழுச் சின்னத்துக்கும் பூசினேன். விளிம்பு தெரியாமல் பூசினேன். நடுவில் குங்குமம் வைத்தேன். நன்றாக இருந்தது. தள்ளி நின்று பார்த்துவிட்டு, ஒரு ஓரம் மெல்லியதாக இருக்கிறதே என்று இன்னும் கொஞ்சம் எடுத்து வைத்தேன்.

பூசணிக்காய் உடைத்தாயிற்று. நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். அதை நசுக்கிக்கொண்டு காரை நகர்த்த வேண்டும். மாமா ஓட்டும் இடத்தில், நான் பக்கத்தில். ஸ்டார்ட் செய்ததுமே பீப் என்று விடாமல் கத்தியது.

"என்னடா ஆச்சு இதுக்கு?"

"வாழைக்கன்று இடிக்குதுன்னு கத்துது மாமா."

"பூஜை நேரத்துல அழுதுகிட்டு. வாயை அடை."

எந்தப் பொத்தான் என்று எனக்குத் தெரியும். கையேட்டில் நூற்று எழுபதாம் பக்கமோ என்னவோ, கோடு போட்டு வைத்திருந்தேன். அமுக்கினேன். சத்தம் நின்றது. உடனே திரையில் மஞ்சளாக ஆங்கிலத்தில் ஒரு மெசேஜ் வந்தது. மாமா என்னைப் பார்த்தார்.

"முன்னாடி ஏதோ மறைச்சிருக்காம். சுத்தம் பண்ணணுமாம்," என்றேன்.

"சந்தனத்தையா? நாளைக்கு வரைக்கும் துடைக்கக் கூடாது. அதுகிட்ட சொல்லு."

கீழே ஓகே என்று இருந்தது. தொட்டேன். மெசேஜ் போய்விட்டது. ஓரத்தில் சின்னதாக ஒரு மஞ்சள் கார் படம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. எலுமிச்சம்பழங்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. அம்மா கற்பூரம் காட்டினாள்.

அந்த மெசேஜில் இரண்டு வரிகள் இருந்தன. மேல் வரியைப் படித்தேன். கீழே சின்ன எழுத்தில் இருந்ததை நான் படிக்கவில்லை.

சாப்பாடு முடிந்து வெயில் சாய ஆரம்பித்த நேரம். எதிர்வீட்டுக்காரர் கேட்டார், "அந்தத் தானா நிக்கிற வித்தைய எங்களுக்குக் காட்ட மாட்டீங்களா?" மாமாவுக்குக் கேட்கவா வேண்டும்? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். என்னையும் ஏறச் சொன்னார். "யாரு நிக்கிறது?"

யாரும் வரவில்லை. அப்பா தன் ஆட்டோவின் முன்பக்கத்தில் சாய்ந்து பீடா போட்டுக்கொண்டிருந்தார்.

"மச்சான், நீங்க நில்லுங்க. நம்பாதவர் நின்னாத்தான் மரியாதை."

"என் கால் மேல ஏத்திட்டா ஆட்டோவை உன் அக்காவா ஓட்டுவா?"

"ஓட்டுவேன், உங்களைவிட நல்லா ஓட்டுவேன்," என்றாள் அம்மா வாசலிலிருந்து. தெரு சிரித்தது.

"நகரவே வேணாம் மச்சான். அப்படியே சாய்ஞ்சு நில்லுங்க, உங்க வண்டியோட. ஒரு அடி தள்ளி நிக்கும், பாருங்க."

அப்பா என்னைப் பார்த்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த என்னை. இதைப் பற்றித் தெரிந்தவன் நான்தான் என்பதால் பார்த்தார். நான் சிரித்தேன். சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பீடாவைக் கன்னத்தில் ஒதுக்கிவிட்டுக் கையைக் கட்டி நின்றார்.

இருபது அடி இருக்கும். மாமா கொஞ்சம் வேகம் கொடுத்தார், பிறகு வழக்கம் போல இரண்டு கால்களையும் தூக்கி மடித்துக்கொண்டார். கைகளை ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஆட்டினார். வாழைக்கன்றுகள் இரண்டும் தலையாட்டின. சாமந்தி மாலை ஆடியது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. போன தடவை பீப் என்று கேட்டதே. அதை நான்தான் அடைத்தேன். ஓரத்தில் மஞ்சள் படம் எரிந்துகொண்டிருந்தது.

"மாமா," என்றேன்.

"இரு, இரு, இப்ப நிக்கும்."

நிற்கவில்லை. சம்மணத்திலிருந்து ஒரு காலைப் பிரித்துக் கீழே கொண்டுவர எவ்வளவு நேரம் ஆகும்? அவ்வளவு நேரம்தான் ஆனது. அப்பா ஒதுங்கப் பார்த்தார். பின்னால் ஆட்டோ. இடது காலை எடுத்துவிட்டார்.

சத்தம் பெரிதாக இல்லை. முதலில் யாரும் கத்தவில்லை. அம்மா மட்டும், "ஏங்க, நடிக்காதீங்க," என்றாள்.

மாமாவின் காரிலேயே, அந்தச் சந்தனத்தோடும் மாலையோடும்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் போலீஸ்காரர் ஒருவர் அலங்காரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வழி விட்டார். வலது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. எப்படி நடந்தது என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். மாமா வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "ஆட்டோவைத் தள்ளினேன் சார், மேல சாய்ஞ்சிருச்சு." அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

உண்மையைச் சொல்லிக் கேஸ் போட்டிருந்தால் காரின் இன்சூரன்ஸிலிருந்தே செலவும் நஷ்டஈடும் கிடைத்திருக்கும் என்று பிறகு ஒருவர் சொன்னார். அப்பா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "மச்சினனை ஸ்டேஷன்ல உக்கார வச்சு வாங்கற காசுல நான் நடக்கணுமா?"

மறுநாள் கையேட்டை எடுத்துத் தேடினேன். முன்னூற்று நாற்பதாம் பக்கத்துக்கு மேல், படத்தோடு இருந்தது. எதிரே வருவதைப் பார்க்கிற ரேடார் சின்னத்துக்குப் பின்னால் இருக்கிறது, சின்னத்தின் மேல் எதையும் ஒட்டவோ பூசவோ கூடாது, மறைந்தால் திரையில் இந்த மெசேஜ் வரும் என்று எழுதி அந்த இரண்டு வரிகளையும் அச்சடித்திருந்தார்கள். இரண்டாவது வரி: தானியங்கி பிரேக் இப்போது இயங்காது.

காலுக்குள் கம்பி வைத்து அப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு, ஒரு மத்தியானம் அவரிடம் சொன்னேன். சந்தனம் பூசியது, சத்தத்தை அடைத்தது, பாதி மெசேஜ் படித்தது, எல்லாவற்றையும். அப்பா நீட்டி வைத்த காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வரிதான் இருந்துச்சா?"

"ரெண்டுதாம்ப்பா."

"சரி," என்றார். பிறகு, "மாமன்கிட்டச் சொல்லாத. உன்னைப் பத்தி அவன் ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கான்."

மாமா அந்தக் காரை அதன் பிறகு ஓட்டவில்லை. மேலே துணி போட்டு மூடி வைத்தார். கழுவி விற்பதற்காக ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வாட்டர் வாஷுக்குக் கொண்டுபோனோம். அங்கே எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. பேங்க் மேனேஜர் தலையை ஆட்டினார். "நான் அப்பவே சொன்னேன். அவனுங்க சென்சார் நம்ம ஊரு தூசிக்கு ஆகாது." மாமா டாக்டரைத் திட்டினார். பழுதான வண்டியைத் தலையில் கட்டிவிட்டான் என்றார்.

தோட்டக்காரர் மட்டும் என் பக்கம் திரும்பினார். "நீ படிச்ச பையன். உள்ளதானே உக்காந்திருந்தே. திரையில ஏதாவது காட்டிச்சா?"

மாமா என்னைப் பார்த்தார். அப்பா அன்று பார்த்தது போலவே பார்த்தார்.

"ஒன்னும் காட்டல சார்," என்றேன்.

தோட்டக்காரர் என்னை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மற்றவர்களிடம், "எச்சரிக்கைகூடக் கொடுக்காம போயிடுது பாருங்க," என்றார். அந்தக் கார் வகையைப் பற்றி அந்த நாற்காலிகளில் இன்றைக்கும் அதையேதான் சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். புதிதாக வாங்க நினைப்பவர்கள் கேட்டால், மேட்டகள்ளியில் ஒருவர் கால் போன கதையைச் சொல்லித் தடுக்கிறார்களாம். டாக்டரை ஒருமுறை சிக்னலில் பார்த்தேன். ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றேன். மாமாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதால்தான் இதை எழுத முடிகிறது.

அப்பா இப்போது நடக்கிறார். ஆனால் பாதத்தை அழுத்தினால் காலில் பலம் நிற்பதில்லை. ஆட்டோவைத் தினவாடகைக்கு இன்னொருவரிடம் கொடுத்திருக்கிறார். எங்காவது போகவேண்டுமானால் அதிலேயே பின் சீட்டில் உட்கார்ந்து போகிறார். சிக்னல் வரும்போதெல்லாம் அவருடைய வலது பாதம் தரையை மிதிக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்க்காத மாதிரி இருப்பேன்.

ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் மாமாதான் கொடுத்தார், அப்பா தடுத்தும் கேட்காமல். சின்னத்தையும் அதன் பின்னால் இருந்ததையும் புதிதாக மாற்றிய பிறகுதான் காரை வாங்க ஆள் வந்தது, அதுவும் அடிமாட்டு விலைக்கு. எவ்வளவு போச்சு என்று யாராவது கேட்டால் மாமா ரவுண்டாகப் பத்து லட்சம் என்பார். ஒவ்வொரு பில்லையும் கூட்டி வைத்திருக்கும் அப்பா உள்ளே கட்டிலில் இருந்து திருத்துவார், "நாலாயிரம் கம்மி மாப்ளே." கால், கார் எல்லாம் சேர்த்து, ஒன்பது லட்சத்துத் தொண்ணூற்றாறாயிரம் ரூபாய்.